அமிகா: டிவியோட தாளத்துக்கு ஓடின கம்ப்யூட்டர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கம்ப்யூட்டர் பத்திப் பேச்சு வந்தா நான் அமிகாவுல போய் நின்னுடுவேன், உடனே நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. என் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். வீட்டுல ஒரு அமிகா 500, ஒரு அமிகா 1200 இருக்கு, ரெண்டும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. இந்த மெஷின் மேல எனக்கு இருக்கிற மரியாதை என் தொழில்ல இருந்து வந்ததுதான், ஏன்னு கீழ படிச்சா புரியும்.

அமிகான்னா என்ன? யாரு செஞ்சது?

1985-ல வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். வித்தது கொமோடோர் கம்பெனி, ஆனா யோசிச்சு டிசைன் பண்ணது வேற ஆளுங்க. 1982-ல கலிஃபோர்னியாவுல ஹை-டோரோன்னு ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிச்சாங்க, காசு போட்டது ஃப்ளோரிடாவுல இருந்த சில பல் டாக்டருங்க. சிப் வேலைக்குத் தலைமை ஜே மைனர். அவரு அதுக்கு முன்னாடி அட்டாரியில இருந்தவரு, அட்டாரி 2600-ல டிவிக்குப் படம் அனுப்புற சிப்பும், அட்டாரியோட 8-பிட் கம்ப்யூட்டர் சிப்புங்களும் அவரு கை பட்டதுதான். அப்புறம் கம்பெனி பேர அமிகான்னு மாத்திட்டாங்க, ஸ்பானிஷ்ல தோழின்னு அர்த்தம், டெலிபோன் டைரக்டரியில ஆப்பிளுக்கும் அட்டாரிக்கும் முன்னாடி வரும்ங்கிறதும் ஒரு காரணம்.

முதல்ல கேம் மெஷினாத்தான் நினைச்சாங்க, 1983-ல அமெரிக்காவுல வீடியோ கேம் மார்க்கெட்டே படுத்துடுச்சு, சரி முழு கம்ப்யூட்டராவே பண்ணிடலாம்னு திரும்பினாங்க. நடுவுல காசு தீந்துபோய் அட்டாரிகிட்ட 5 லட்சம் டாலர் வாங்கி, கடைசியில 1984 ஆகஸ்ட்ல கொமோடோர் மொத்தமா வாங்கிடுச்சு. முதல் மாடல் அமிகா 1000, விலை 1,295 டாலர், மோட்டோரோலா 68000 பிராசசர், 256 கேபி மெமரி. அந்த 1000-த்தோட மேல் மூடியக் கழட்டித் திருப்பிப் பாத்தா உள்பக்கம் டீம் ஆளுங்க கையெழுத்து அச்சாகி இருக்கும், கூடவே ஜே மைனர் வளத்த நாய் மிட்சியோட கால் தடமும் இருக்கும். தினமும் ஆபீசுக்கு அவரோட வந்த நாய் அது.

அப்ப மத்த கம்ப்யூட்டர்ல இல்லாதது இதுல என்ன இருந்துச்சு?

1985-ல மத்ததெல்லாம் என்ன நிலைமையில இருந்துச்சுன்னு பாத்தாத்தான் இது புரியும். ஐபிஎம் பிசியில சாதாரணமா 4 கலர், கொஞ்சம் காசு கூடப் போட்டா 16 கலர், சத்தம்னா உள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர்ல பீப். மேக்கிண்டாஷ் கருப்பு வெள்ளை. அட்டாரி எஸ்டியில 512 கலர்ல ஒரே நேரத்துல 16. அமிகாவுல 4,096 கலர் இருக்கிற டப்பாவுல இருந்து 32 எடுத்துக்கலாம், ஒரு வித்தை பண்ணா 4,096-மே ஒரே படத்துல வரும், நாலு சேனல் ஸ்டீரியோ சத்தம், அதுவும் நிஜமா ரெக்கார்ட் பண்ண சத்தம், இதுக்கெல்லாம் மேல ஒரே நேரத்துல பல புரோகிராம் ஓடும். படம், சத்தம், வீடியோ, அனிமேஷன் நாலும் ஒரே வீட்டு மெஷின்ல, கூட எந்தக் கார்டும் வாங்காம. மல்டிமீடியாங்கிற வார்த்தை கம்ப்யூட்டர் விளம்பரத்துல சாதாரணமா வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த வேலையப் பண்ணிட்டு இருந்த மெஷின்.

அந்தச் சிவப்பு வெள்ளைப் பந்து டெமோ எப்படி வேலை செஞ்சுது?

இதக் கேக்காத ஆளே இல்ல. 1984-ல கண்காட்சியில காட்டறதுக்காக டேல் லக், ஆர்.ஜே. மைக்கல்னு ரெண்டு பேரு எழுதின டெமோ. சதுரம் சதுரமா சிவப்பு வெள்ளை போட்ட பெரிய பந்து சுத்திக்கிட்டே குதிக்கும், சுவத்துல மோதும்போது டொம்முனு சத்தம் அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்ல இருந்து வரும். பாத்தவங்க மேசைக்கு அடியில பெரிய கம்ப்யூட்டர ஒளிச்சு வச்சிருக்காங்களான்னு தேடினாங்கன்னு சொல்லுவாங்க.

இதுல சூட்சுமம் என்னன்னா பந்து சுத்தவே இல்ல. திருவிழாவுல சீரியல் செட் போட்டிருப்பாங்கல்ல, தேர் மாதிரி மயில் மாதிரி, அதுல மயில் தோகை விரியற மாதிரி தெரியும், ஆனா ஒரு பல்பு கூட இடத்த விட்டு நகராது, வரிசையா எரிஞ்சு அணையறதுல நம்ம கண்ணு ஓட்டத்தப் பாக்குது. அதேதான் இங்கயும். பந்த ஒரே ஒரு தடவ வரைஞ்சு வச்சுட்டாங்க, ஒவ்வொரு கட்டத்தையும் பல மெல்லிய பட்டையாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் நம்பர் குடுத்துட்டாங்க, அப்புறம் எந்த நம்பருக்கு சிவப்பு எந்த நம்பருக்கு வெள்ளைங்கிறத மட்டும் மாத்திக்கிட்டே இருந்தாங்க. பந்து குதிக்கிறதும் அப்படித்தான், திரும்பத் திரும்ப வரையல, மெமரியில படம் எங்க ஆரம்பிக்குதுங்கிற இடத்த மட்டும் நகத்துனாங்க. பிராசசருக்கு வேலையே கிட்டத்தட்ட இல்ல. அந்த டொம் சத்தம் கூட ஆபீஸ் கராஜ் கதவ ஃபோம் பேட்டால அடிச்சு எடுத்தது.

அக்னஸ், டெனிஸ், பவுலான்னு சொல்றாங்களே, அது யாரு?

மூணு சிப்போட பேரு. டெனிஸ் படத்த வெளிய அனுப்பும், பவுலா சத்தம் போடும், ஃப்ளாப்பியையும் பாத்துக்கும், அக்னஸ் யாரு எப்ப மெமரியத் தொடலாம்னு முடிவு பண்ற மேஸ்திரி. பிராசசரும் இந்தச் சிப்புங்களும் ஒரே மெமரியப் பகிர்ந்துக்கும், ஒரே கிணத்துல ரெண்டு பேரு மாத்தி மாத்தி வாளி விட்டு எடுக்கிற மாதிரி, ஒரு முறை இவரு ஒரு முறை அவரு, இடிச்சுக்காம. 68000 பிராசசர் எப்படியும் ரெண்டு முறைக்கு ஒரு முறைதான் மெமரியக் கேக்கும்ங்கிறதால அதோட வேகம் குறையவே இல்ல. கலரும் ரெசல்யூஷனும் ரொம்பக் கூட்டினாத்தான் பிராசசர் கிணத்தடியில காத்து நிக்கணும்.

அக்னஸ் உள்ள ரெண்டு முக்கியமான ஆளு உண்டு. ஒண்ணு பிளிட்டர், மெமரியில ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் படத்த அள்ளிக் கொட்டும், கோடு போடும், உள்ள கலர் நிரப்பும். இன்னொண்ணு காப்பர், என்னக் கேட்டா மொத்த மெஷின்லயும் அழகான விஷயம் இதுதான். அதுக்குத் தெரிஞ்சது மூணே கட்டளை: இந்த இடம் வர்ற வரைக்கும் காத்திரு, இத மாத்து, இதத் தாண்டிப் போ. டிவியில எலக்ட்ரான் கதிர் மேல இருந்து கீழ கோடு கோடா வரைஞ்சுக்கிட்டே வருது இல்லையா, அது 100-வது கோட்டுக்கு வந்ததும் பின்னணி கலர நீலமாக்கு, 101-ல கொஞ்சம் வெளிர் நீலமாக்குன்னு சொல்லலாம். வானம் மேல கருநீலத்துல இருந்து கீழ செம்மண் கலர் வரைக்கும் இழைஞ்சு வர்ற மாதிரி பழைய அமிகா கேம்ல பாப்பீங்க, அது காப்பர் வேலை, பிராசசர் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.

இன்னொண்ணு சொல்லணும். அமிகாவுல ஒரு புரோகிராமோட ஸ்கிரீன மவுஸால மேல் பட்டையப் புடிச்சு ஷட்டர் மாதிரி கீழ இழுக்கலாம், பின்னாடி இன்னொரு புரோகிராமோட ஸ்கிரீன் தெரியும். மேல இருக்கிற பாதி 640 புள்ளி அகலம் 4 கலர், கீழ பாதி 320 புள்ளி 32 கலர், ரெண்டு வேற வேற ரெசல்யூஷனும் ஒரே மானிட்டர்ல ஒரே நேரத்துல. முதல் தடவ என் ஏ500-ல இத இழுத்துப் பாத்தப்ப பத்து நிமிஷம் மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

4,096 கலர் ஒரே படத்துல எப்படி?

அதுக்குப் பேரு ஹேம். ஒவ்வொரு புள்ளிக்கும் 6 பிட் இருக்கு, முழுக் கலர் சொல்லணும்னா 12 பிட் வேணும். அதனால ஒவ்வொரு புள்ளியும் "எனக்கு இடது பக்கத்துல இருக்கிறவன் கலர் அப்படியே எனக்கும், ஆனா சிவப்ப மட்டும் இவ்வளவு மாத்து"ன்னு சொல்லும், இல்ல பச்சை, இல்ல நீலம், இல்லாட்டி 16 கலர் பட்டியல்ல இருந்து ஒண்ணு. போட்டோவுல பக்கத்துப் பக்கத்துப் புள்ளி பெருசா மாறாதுங்கிறதால இது நல்லா வேலை செய்யும், ஆனா கருப்புச் சட்டைக்குப் பக்கத்துல வெள்ளைச் சுவரு வந்தா மூணு புள்ளி தள்ளித்தான் கலர் சேரும், ஓரத்துல கலர் வழிஞ்ச மாதிரி ஒரு கறை தெரியும்.

ஜே மைனர் இத எடுத்துடலாம்னு நினைச்சாராம், யாரு பயன்படுத்தப் போறாங்கன்னு. சிப் லேஅவுட் போட்டவரு, எடுத்தா நடுவுல பெரிய ஓட்டை விழும், இல்லாட்டி மூணு மாசம் திரும்ப வரையணும்னு சொல்லிட்டதால விட்டுட்டாங்க. அப்படித் தப்பிச்ச அம்சம்தான் பின்னாடி அமிகாவோட பேரச் சொன்ன அம்சம். நியூடெக் கம்பெனி டிஜி-வியூன்னு ஒரு சாதனம் போட்டாங்க, கருப்பு வெள்ளை கேமராவுக்கு முன்னாடி சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு ஃபில்டர் இருக்கிற ஒரு சக்கரம், ஒவ்வொரு ஃபில்டரையும் திருப்பித் திருப்பி மூணு தடவ படம் புடிச்சு ஒண்ணு சேத்தா ஹேம்ல கலர் போட்டோ. அந்த நேரம் முழுக்க எதிர்ல இருக்கிற பொருள் அசையக் கூடாது. வீட்டுல உக்காந்து கலர் போட்டோவக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துறது ஜனங்களுக்கு அப்பத்தான் கைக்கு வந்துச்சு.

டிவிக்கும் அமிகாவுக்கும் என்ன சம்பந்தம்? எப்பவும் அதையே சொல்றீங்க.

ஏன்னா எல்லாமே அங்கிருந்துதான் வருது. அமெரிக்க டிவி சிக்னல்ல கலருக்குன்னு ஒரு அலைவரிசை இருக்கு, 3.58 மெகாஹெர்ட்ஸ். அமிகா பிராசசரோட வேகம் 7.16 மெகாஹெர்ட்ஸ், அதாவது சரியா ரெண்டு மடங்கு. இது தற்செயல் கிடையாது, மொத்த மெஷினோட இதயத்துடிப்பையே டிவி தாளத்துக்குக் கட்டிட்டாங்க. ஐரோப்பாவுலயும் நம்ம ஊர்லயும் இருந்த பால் (PAL)ங்கிற டிவி முறைக்குன்னு வந்த மெஷின் 7.09-ல ஓடும், நொடிக்கு 50 படம்.

இதனால என்ன கிடைச்சுது? ஜென்லாக். 90கள்ல எடுத்த கல்யாண கேசட் வீட்டுல இருந்தா போட்டுப் பாருங்க, மாப்பிள்ளை பொண்ணு நடந்து வர்ற படத்து மேல அவங்க பேரு மிதந்து வரும். ஓடற வீடியோவும் டைட்டில் எழுத்தும் ரெண்டு வேற மெஷின்ல இருந்து வருது, ரெண்டும் ஒவ்வொரு கோட்டையும் துல்லியமா ஒரே நேரத்துல ஆரம்பிச்சாத்தான் படம் கிழியாம ஒட்டும். வெளியில இருந்து வர்ற வீடியோவுக்குக் கம்ப்யூட்டரத் தாளம் போட வைக்கிற பெட்டிக்குப் பேருதான் ஜென்லாக். அமிகாவுல அது முதல் மாடல்லயே யோசிச்சு வச்சிருந்தாங்க, வெளி கிளாக்க உள்ள குடுக்கலாம், பூஜ்யம் நம்பர் கலரு இருக்கிற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிப் பின்னாடி வீடியோ தெரியும். மத்த கம்ப்யூட்டர்ல இந்த வேலை செய்யணும்னா சிக்னல மாத்தறதுக்கே பெரிய செலவு. நான் இன்னைக்கு சாஃப்ட்வேர்ல லேயர் மேல லேயர் போட்டு டைட்டில் பண்றேன், அந்த வேலையோட வேர எனக்குக் காட்டுனது இதுதான்.

வீடியோ டோஸ்டர்னா என்ன?

கான்சஸ்ல டொபீகாங்கிற ஊர்ல இருந்த அதே நியூடெக், டிம் ஜெனிசன் ஆரம்பிச்ச கம்பெனி, 1990 கடைசியில வெளியிட்ட கார்டு. விலை 2,399 டாலர். அமிகா 2000 உள்ள சொருகினா நாலு கேமரா இன்புட் மாத்தலாம், ஒரு படத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போற எஃபெக்ட், டைட்டில் எழுத்து, படம் புடிச்சு நிறுத்தறது, அதுக்கு மேல லைட்வேவ்னு ஒரு முழு முப்பரிமாண அனிமேஷன் சாஃப்ட்வேர். டிவி ஸ்டேஷன்ல இதுக்குன்னு தனித்தனியா வாங்கற மெஷினெல்லாம் சேத்தா இதுக்குப் பல மடங்கு ஆகும். உள்ளூர் கேபிள் சேனல், சர்ச், ஸ்கூல், சின்ன ஸ்டுடியோ எல்லாம் டிவி தரத்துக்கு வீடியோ பண்ண ஆரம்பிச்சது இதாலதான். பாபிலோன் 5 சீரியலோட முதல் படம் 1993-ல வந்துச்சு, விண்வெளிக் காட்சிங்கள ஃபவுண்டேஷன் இமேஜிங் கம்பெனி அமிகாவுல லைட்வேவ் வச்சுப் பண்ணாங்க, அதுக்கு எம்மி விருதும் கிடைச்சுது. வீட்டுக் கம்ப்யூட்டர்ல பண்ண விண்கலத்துக்கு எம்மி.

ஒரு குறை, டோஸ்டர் அமெரிக்க டிவி முறைக்கு மட்டும்தான். நம்ம மாதிரி பால் நாடுகளுக்கு அது நேரா உதவல. டிவி தாளத்துக்குக் கட்டுனதோட மறுபக்கம் இது.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் அமிகாவுல வரைஞ்சாருன்னு சொல்றது உண்மையா?

உண்மை. 1985 ஜூலை 23, நியூயார்க் லிங்கன் சென்டர்ல அறிமுக விழா, மேடையில உக்காந்து பாடகி டெபி ஹாரி படத்த அமிகாவுல புடிச்சு, மவுஸால கலர் கொட்டி வரைஞ்சு காட்டுனாரு. அதோட நிக்கல, பின்னாடியும் வரைஞ்சு ஃப்ளாப்பியில வச்சிருந்தாரு. அந்த ஃப்ளாப்பிங்க பிட்ஸ்பர்க்ல இருக்கிற வார்ஹோல் மியூசியத்துல வருஷக்கணக்கா கிடந்துச்சு, கார்னகி மெலன் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் கிளப் பசங்க மெல்ல நகல் எடுத்து, யாருக்கும் தெரியாத ஃபைல் வடிவத்த உடைச்சுப் படிச்சு, 2014-ல படங்கள வெளிய கொண்டு வந்தாங்க. சூப் டின் ஒண்ணு, மூணு கண்ணு வச்ச வீனஸ் ஒண்ணு. முப்பது வருஷ காந்தத் தகட்டுல இருந்து ஒரு ஓவியனோட கைக்கோடு திரும்ப வந்துச்சுன்னா, பழைய டிஸ்க்க தூக்கிப் போடாம வச்சிருந்தவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.

டீலக்ஸ் பெயிண்ட்ல அப்படி என்ன விசேஷம்?

படம் வரையற சாஃப்ட்வேர் இது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியில டேன் சில்வா எழுதுனது, 1985. மவுஸ் இடது பட்டன்ல ஒரு கலர், வலது பட்டன்ல பின்னணி கலர், அதாவது அழிக்கறதும் வரையறதும் ஒரே கையில. படத்துல எந்தத் துண்டையும் வெட்டி எடுத்து அதையே பிரஷ்ஷா ஆக்கலாம். நான் ஒரு நாள் "ழ" எழுத்த பெருசா வரைஞ்சு, நிழல் போட்டு, அத பிரஷ்ஷா எடுத்து ஸ்கிரீன் பூரா இழுத்தேன், ரிப்பன் மாதிரி வழிஞ்சுக்கிட்டே வந்துச்சு. சிமெட்ரி டூல் இருக்கு பாருங்க, அதப் போட்டு ஒரு வளைவு போட்டா ஆறு பக்கமும் அதே வளைவு, அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு மவுஸ வாங்கி ரெண்டே நிமிஷத்துல ஒரு பூக்கோலம் போட்டாங்க. அப்ப வந்த கேம்ல பாதிக்கு மேல இதுல வரைஞ்சதா இருக்கும்னு நான் நம்பறேன்.

அமிகா மியூசிக் ஏன் அப்படித் தனியா தெரியுது?

பவுலாவுல நாலு சேனல், ஒவ்வொண்ணும் 8-பிட் ரெக்கார்டிங்க மெமரியில இருந்து தானே எடுத்து வாசிக்கும். ஒவ்வொரு சேனலும் தன் வேகத்த தானே மாத்திக்கலாம், வேகமா வாசிச்சா ஸ்ருதி ஏறும், மெதுவா வாசிச்சா இறங்கும், அதனால ஒரே ஒரு வயலின் சத்தத்த வச்சு ஒரு பாட்டு பூரா வாசிக்கலாம். 1987-ல ஜெர்மனிக்காரர் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்னு ஒரு சாஃப்ட்வேர் எழுதுனாரு, நாலு பத்தி, 64 வரி, ஒவ்வொரு வரியிலயும் எந்த ஸ்வரம் எந்த வாத்தியம்னு எழுதணும், பாட்டு ஓடும்போது வரிங்க மேல ஏறிக்கிட்டே போகும். அந்த ஃபைலுக்குப் பேரு மாட். வாத்தியச் சத்தமும் ஸ்வரமும் ஒரே ஃபைல்ல இருக்கிறதால யாரு வேணா திறந்து மத்தவங்க எப்படிப் போட்டாங்கன்னு வரி வரியா பாக்கலாம், ஒரு தலைமுறையே அப்படித்தான் ஒருத்தர் பாட்ட ஒருத்தர் பிரிச்சுப் பாத்து கத்துக்கிச்சு.

கணக்குப் பாருங்க, ஒரு ஸ்வரத்துக்கு 4 பைட், நாலு சேனல், 64 வரி, மொத்தம் 1,024 பைட்தான் ஒரு பக்கத்துக்கு. சிடியில ஒரு நிமிஷப் பாட்டுக்கு 10 எம்பி ஆகும், இதுல முழுப் பாட்டே 100 கேபியில முடியும். எங்க ஊர் கோயில் கொடையில போன்ல எடுத்த பறைச் சத்தத்துல ஒரே ஒரு அடிய வெட்டி 8 கிலோஹெர்ட்ஸ்க்கு இறக்கி ஏத்துனேன், அரை செகண்ட், 4,000 பைட். ஸ்ருதி மாத்தி மாத்தி மூணு சேனல்ல போட்டேன், அந்த லேசான கரகரப்போட சேத்துக் கேட்டப்ப உடம்பு சிலிர்த்துடுச்சு.

இன்னொரு நுணுக்கம், ஏ500-ல சத்தத்துக்கு ஒரு ஃபில்டர் உண்டு, பாட்டு அத அணைச்சா பவர் லைட் கொஞ்சம் மங்கும், போட்டா பிரகாசமாகும். பாட்டு நடுவுல லைட் மங்கினா ரிப்பேர்னு நினைச்சுப் பயப்பட வேண்டாம். ஹெட்போன்ல கேக்கும்போது ரெண்டு சேனல் முழுக்க இடது, ரெண்டு முழுக்க வலதுன்னு பிரிஞ்சு இருக்கிறது காத உறுத்தும், எமுலேட்டர்ல, அதாவது இன்னைக்குக் கம்ப்யூட்டர்ல அமிகா மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்ல, ரெண்டையும் கலந்து விடற செட்டிங் இருக்கு.

அமிகாவுல இருந்து இன்னைக்கு நம்ம கம்ப்யூட்டர்ல ஏதாவது மிச்சம் இருக்கா?

இருக்கு, தினமும் தொடறீங்க. 1985-ல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்ல ஜெர்ரி மாரிசன் ஐஎஃப்எஃப்னு ஒரு ஃபைல் முறை எழுதுனாரு. நாலு எழுத்துல பேரு, அடுத்து எவ்வளவு நீளம்னு எண்ணு, அடுத்து சரக்கு, இப்படி டப்பா டப்பாவா அடுக்கறது. தெரியாத டப்பா வந்தா நீளத்தப் பாத்துத் தாண்டிப் போயிடலாம், ஃபைல் உடையாது. படமோ சத்தமோ அனிமேஷனோ எல்லாம் இதே அடுக்கு, அதனால ஒரு கம்பெனி பெயிண்ட் சாஃப்ட்வேர்ல வரைஞ்சத இன்னொரு கம்பெனி வீடியோ சாஃப்ட்வேர் நேரா திறக்கும். அந்தக் காலத்துல இது சாதாரண விஷயமே இல்ல.

ஆப்பிள் இத எடுத்து ஏஐஎஃப்எஃப் ஆடியோ ஃபைல் பண்ணுச்சு. 1991-ல மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் எண்ண எழுதற வரிசைய மட்டும் திருப்பி ரிஃப்னு பேரு வச்சாங்க, அதுக்குள்ளதான் வேவ் ஆடியோவும் ஏவிஐ வீடியோவும். இப்ப வெப்சைட்ல வர்ற வெப்-பி படம் கூட ரிஃப் டப்பாதான். ஏதாவது ஒரு வேவ் ஃபைல ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து முதல் நாலு எழுத்தப் பாருங்க, ஆர் ஐ எஃப் எஃப், அடுத்து நீளம், அடுத்து வேவ்.

குரு மெடிடேஷன்னா என்ன?

கம்ப்யூட்டர் படுத்துட்டா கருப்பு ஸ்கிரீன்ல சிவப்புக் கட்டம் மின்னி அந்த வார்த்தையும் ஒரு எண்ணும் வரும். ஆரம்ப காலத்துல அமிகா கம்பெனி, மேல ஏறி நின்னு ஆடற ஒரு ஜாய்ஸ்டிக் பலகை வித்துச்சு, எஞ்சினியருங்க சிஸ்டம் கிராஷ் ஆனா அந்தப் பலகை மேல சம்மணம் போட்டு ஆடாம அசையாம உக்காந்து மனசத் தணிச்சுக்குவாங்களாம், அதுல இருந்து வந்த பேரு. கிராஷ் கொஞ்சம் அடிக்கடி வரும், ஏன்னா கார்ல் சாசன்ராத் எழுதுன எக்ஸெக், அதாவது அமிகா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, அந்தச் சின்ன மெமரியில நிஜமான மல்டிடாஸ்கிங் குடுத்துச்சு, ஆனா ஒரு புரோகிராம் இன்னொண்ணோட மெமரியில கை வச்சா தடுக்க ஆளில்ல.

இவ்வளவு நல்ல மெஷின் ஏன் தோத்துச்சு?

நிர்வாகம் சரியில்லன்னு எல்லாரும் சொல்றது நிஜம்தான். 1985-ல ஊரே வாயப் பொளந்து பாத்த சிப்ப 1992 வரைக்கும் சின்னச் சின்ன மாத்தத்தோட ஓட்டுனாங்க. ஏ1200-லயும் ஏ4000-லயும் 256 கலர் வந்தப்ப பிசியில விஜிஏங்கிற கலர் முறை வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, சவுண்ட் பிளாஸ்டர்ங்கிற சத்தக் கார்டும் சிடி டிரைவும் சேந்துடுச்சு. 1991-ல சிடிடிவின்னு ஹால்ல டிவிக்குக் கீழ வைக்கிற கருப்புப் பெட்டி போட்டாங்க, யோசனை சரி, உள்ள இருந்தது பழைய ஏ500, விலை 999 டாலர், ஜனங்க வாங்கல.

ஆனா தொழில்நுட்பத்துலயும் ஒரு காரணம் இருக்கு, இதப் பலரும் சொல்றதில்ல. அமிகா படத்த அடுக்கடுக்கா வைக்கும், 256 கலர்னா 8 கண்ணாடித் தாள், ஒரு புள்ளியோட ஒவ்வொரு பிட்டும் ஒவ்வொரு தாள்ல. மெமரி விலை தங்கமா இருந்த காலத்துல இது புத்திசாலித்தனம், 5 தாள் போதும்னா 5 தாள் மெமரிதான் செலவு, 320-க்கு 256 படம் 51,200 பைட்ல முடிஞ்சுது. படத்த நகத்தறது, உருட்டறது, மேல டைட்டில் போடறது, டிவி மாதிரி வேலை எல்லாத்துக்கும் அருமை. 1993 டிசம்பர்ல டூம் வந்துச்சு, அது ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியா கணக்குப் போட்டு வரையற கேம், பிசியில ஒரு புள்ளிக்கு ஒரு பைட் எழுதினா முடிஞ்சுது, அமிகாவுல எட்டு தாளத் தொடணும். எந்த யோசனை அமிகாவ 1985-ல தூக்கி விட்டுச்சோ அதுவே 1993-ல கால்ல விலங்கா ஆயிடுச்சு.

1994 ஏப்ரல் 29 கொமோடோர் மூடிடுச்சு. ஜூன் 20 ஜே மைனர் இறந்துட்டாரு. ரெண்டு மாசம் கூட இடைவெளி இல்ல.

இப்ப பழைய அமிகா வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா உள்ள பாக்காம வாங்காதீங்க. ஏ2000, ஏ3000, ஏ4000, ஏ500 பிளஸ் எல்லாத்துலயும் போர்டு மேல ஒரு பேட்டரி வச்சிருக்காங்க, வருஷம் ஆக ஆக ஒழுகி பச்சைப் பச்சையா போர்ட அரிச்சுடும். ஏ1200-ல பேட்டரி இல்ல, ஆனா கெபாசிட்டர் ஒழுகும். என் ஏ1200 வித்தவரு "நல்லா ஓடுது"ன்னு வீடியோ எல்லாம் அனுப்புனாரு, வந்ததும் திறந்தேன், ஆடியோ பக்கத்துல இருக்கிற நாலு கெபாசிட்டரச் சுத்தியும் ஈயம் பளபளப்பு போய் சாம்பல் பூத்து, மீன் வாடை மாதிரி ஒரு வாடை. ஒரு பக்கம் சத்தமே வரல. எல்லாத்தையும் மாத்தி, போர்ட ஐசோபுரோப்பைல்ல கழுவி, அறுந்த ஒரு கோட்டுக்கு மெல்லிய கம்பி ஒட்டினதுக்கு அப்புறம்தான் ரெண்டு காதுலயும் கேட்டுச்சு. வாங்கறதுக்கு முன்னாடி போர்டு போட்டோ கேளுங்க, தரலன்னா விட்டுடுங்க.

இன்னொண்ணு, பழைய பிசியில நேரா போட்டா அமிகா டிஸ்க் படிக்காது, எழுதற முறையே வேற, ஒரு டிஸ்க்ல 880 கேபி அடங்கும். கிரீஸ்வீசல்னு ஒரு சின்ன போர்டு கிடைக்குது, அது இருந்தா சாதாரண டிரைவ வச்சே நகல் எடுக்கலாம்.

மெஷின் இல்லாம பாக்க வழி இருக்கா?

விண்டோஸ்ல வின்-யூஏஇ, மேக், லினக்ஸ்ல எஃப்எஸ்-யூஏஇ, ரெண்டும் இலவச எமுலேட்டர். அமிகாவ எழுப்பி விடற உள் சாஃப்ட்வேரான கிக்ஸ்டார்ட்டோட ரோம் (ROM) ஃபைல் வேணும், அதுக்கு உரிமை இருக்கிறதால குளோவாண்டோ கம்பெனியோட அமிகா ஃபாரெவர் வாங்கிக்கிறது முறை. ஏ500-னு செட் பண்ணி கிக்ஸ்டார்ட் 1.3 வச்சுக்கிட்டா பெரும்பாலான பழைய டிஸ்க் ஓடும். திரை 50 ஹெர்ட்ஸ்ல இருக்கட்டும், 60-ல வச்சா படம் லேசா திக்கித் திக்கி நகரும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல எதப் பண்ணிப் பாக்கணும்?

கேம் வேண்டாம், டீலக்ஸ் பெயிண்ட் திறங்க. 32 கலர்ல ஆரம்பிங்க. கீழ கலர் பட்டியல்ல நீலத்துல இருந்து வெள்ளை வரைக்கும் ஒரு எட்டு கலர் இழைச்சு வச்சு அத ஒரு ரேஞ்சா குறிச்சுக்கோங்க. மோட் மெனுவுல சைக்கிள்னு இருக்கும், அதப் போட்டுட்டு தடிமனான பிரஷ் எடுத்து மேல இருந்து கீழ அருவி மாதிரி மெதுவா ஒரு கோடு இழுங்க, கை நகர நகர ஒவ்வொரு கலரா மாறி வரும். பக்கத்துல இன்னும் நாலஞ்சு கோடு. இப்ப மவுஸ விட்டுட்டு டேப் கீய அழுத்துங்க, தண்ணி கொட்ட ஆரம்பிக்கும்.